தாய் சேய் போசாக்கு ஆய்வு: யாழ்ப்பாணக் குடாநாடு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமங்களில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோரின் உணவையும் உடல்நிலையையும் அளந்து பதிந்து ஆராய்ந்த வரலாறு இது. இதற்கு ஒரு விசித்திரம் உண்டு. இலங்கையின் குடித்தொகை, சுகாதார அளவீடு 1987, 1993, 2000 ஆகிய மூன்று முறையும் வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டே நடந்தது. 2006-07 இல் கிழக்கு சேர்ந்தது, வடக்கு சேரவில்லை. 25 மாவட்டங்களும் அடங்கிய முதல் அளவீடு 2016 இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்த அளவீடுகள் ‘தேசிய சராசரி’ என்று தந்த எண்களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி கிராமத்து மிட்வைஃபின் பதிவேட்டிலிருந்தும், ஆஸ்பத்திரிப் பிரசவப் புத்தகத்திலிருந்தும், உள்ளூர் மருத்துவபீடத்தின் சிறு ஆய்வுகளிலிருந்தும் வந்தது.

தாயையும் சேயையும் பற்றிய மருத்துவ எழுத்து இங்கே புதிதன்று. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் பரராசசேகரத்தில் கர்ப்ப நோய்களுக்கும் பாலர் நோய்களுக்கும் தனிப் பகுதிகள் உள்ளன. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை ஏடுகளைத் தேடி, 1928 முதல் இந்நூலைப் பகுதி பகுதியாக அச்சேற்றினார். மேலை மருத்துவம் அமெரிக்க மிஷனோடு வந்தது. 1847 இல் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மோன்செலின் பிரசவ மருத்துவ நூலைத் தமிழாக்கி 1857 இல் ‘பிரசவ வைத்தியம்’ என வெளியிட்டார். ஆனால் கிறீனின் மாணவர்கள் ஆண்கள். பேறு பார்க்கும் அறைக்குள் அவர்களை விடும் வீடுகள் அன்றைய யாழ்ப்பாணத்தில் குறைவு. 1898 இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் ஆஸ்பத்திரி திறந்து, பெண் வைத்தியர் பொறுப்பேற்ற பிறகுதான் அந்தக் கதவு மெல்லத் திறந்தது.

அரசின் பங்கு பிந்தியது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை படிப்படியாகத் தீவெங்கும் பரவியது: சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழ் பரிசோதகர், சுமார் 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப். போசணை பற்றிய ஆய்வைக் கொழும்பில் லூசியஸ் நிக்கொல்ஸ் 1930களில் தொடங்கினார். வெப்பமண்டலப் போசணை பற்றிய அவருடைய நூல் 1938 இல் வந்தது. 1946 இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 141 ஆக இருந்த சிசு மரணம் அடுத்த ஆண்டே 101 ஆக விழுந்தது. மலேரியா ஒழிப்பே அதற்கு முதற்காரணம் என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு. மரணம் வேகமாகக் குறைய, மெலிவும் நிறைகுறைந்த பிறப்பும் குறையாமல் நின்றதுதான் இலங்கைச் சுகாதாரத்தின் நீண்டநாள் முரண். 1973 இல் கெயார் நிறுவனத்தின் உதவியோடு தொடங்கிய திரிபோஷா இந்த முரணுக்கான அரசின் பதில். சோளம், சோயா, பால்மா சேர்ந்த இந்த மா கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவருக்கெனக் கொடுத்த பைக்கற் வீட்டில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்து உருண்டையாகி எல்லோருக்கும் பங்காவது கிளினிக்கில் எல்லோரும் அறிந்த சங்கதி. ஏழை வீட்டில் தாய் தனக்கென்று ஒளித்து வைத்துச் சாப்பிடுவாள் என எதிர்பார்த்தவர்கள்தான் யோசிக்க வேண்டியவர்கள்.

1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் கைதடியில் தொடங்கியதும் ஆய்வுக்கு உள்ளூரில் ஓர் இருப்பிடம் கிடைத்தது. சமுதாய மருத்துவத்துறையின் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரத்தை வாசகர்கள் ‘நந்தி’ என்ற பெயரில் அறிவார்கள். ‘மலைக்கொழுந்து’ நாவலை எழுதிய அதே கை ‘அருமைத் தங்கைக்கு’, ‘நந்தினி உன் குழந்தை’ ஆகிய நூல்களில் தாய்மையையும் பிள்ளை வளர்ப்பையும் எளிய தமிழில் சொன்னது. ஆய்வு செய்வது எப்படி என்று மாணவருக்குக் கைநூலும் எழுதினார். போசாக்கை மாத்திரையாகப் பார்க்காமல் வீட்டு வருமானம், கிணறு, மாமியாரின் சொல் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்ததில் அவர் பங்கு பெரிது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

உதாரணத்துக்குப் பிள்ளைப்பேற்றுப் பத்தியம். கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்த சரக்குக் கறி, முருங்கை, சிறுமீன், பால் சுரக்கச் சுறா என்று முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு வரை நீளும் இந்த உணவில் புரதமும் இரும்பும் தாராளமாக உண்டு. குறை வேறிடத்தில் இருந்தது: தண்ணீரையும் சில மரக்கறிகளையும் பழங்களையும் விலக்கும் வழக்கத்தில். வசதியான வீட்டில் சுறாவும் கிடைத்தது, விலக்கும் இருந்தது. கூலிவேலைக் குடும்பத்தில் விலக்கு மட்டும் மிஞ்சியது, அதற்குக் காசு தேவையில்லையே. காணியில்லாத சாதியினரின் குடியிருப்புகளிலும் தீவகத்துக் கரையோரங்களிலும் இந்த வித்தியாசம் கூர்மையானது. ஆனால் பதிவேட்டில் சாதிக்கென ஒரு நிரல் இல்லை. நிலம், தொழில், கிணறு ஆகியவற்றை வைத்தே ஆய்வாளர் அதை ஊகிக்க வேண்டியிருந்தது, பலர் ஊகிக்கவும் முனையவில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் இந்த வரலாற்றின் கடினமான பகுதி தொடங்குகிறது. எரிபொருள், பற்றரி, யூரியா எனப் பொருள்தடைப் பட்டியல் நீண்டது. யூரியா இல்லாமல் தோட்டம் குன்றியது, மண்ணெண்ணெய் இல்லாமல் நீரிறைக்கும் இயந்திரம் நின்றது. வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களும் மயிலிட்டித் துறைமுகமும் இராணுவத்தின் பிடியில் ஆளில்லாமற் போயின. தீவின் முன்னணி மீன்பிடித் துறைகளில் ஒன்றான மயிலிட்டி மக்களிடம் திரும்பியது 2017 இல். கடலிற் போக வந்த தடையோடு, ஏழைக்கு மலிவாகக் கிடைத்த ஒரே புரதமும் விலையேறியது. கோணாப்புலம், மல்லாகம் போன்ற முகாம்களில் நிவாரண அரிசி, மா, பருப்போடு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கலோரி ஓரளவு கிடைத்தது. மீன், முட்டை, பால், இலைக்கறி கிடைப்பது அரிதாயிற்று. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது கிளினிக்குகளும் குலைந்தன.

இந்த ஆண்டுகளில் ஆய்வு நின்றுவிடவில்லை. நந்தியைத் தொடர்ந்து சமுதாய மருத்துவத்தில் பணியாற்றிய பேராசிரியர் நடராஜா சிவராஜா இடம்பெயர்ந்தோரின் போசாக்கையும் பொதுச் சுகாதாரத்தையும் தொடர்ந்து பதிவுசெய்தார். பருத்தித்துறையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் வேலை செய்தார்கள். போலியோச் சொட்டுமருந்து நாட்களுக்கெனப் போரிட்ட இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தியதும் உண்டு. ஆய்வாளர் கையில் இருந்த கருவி எளியது: ஒரு தராசு, உயரம் பார்க்கும் பலகை, மேற்கையைச் சுற்றி அளக்கும் நாடா. குடாநாட்டில் பிரசவம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் நடந்ததால் பிறப்பு நிறையே ஆகக்கூடிய நம்பிக்கையான தொடர் எண்ணாக இருந்தது. 2,500 கிராமுக்குக் குறைந்த பிறப்புகளின் பங்கைப் பார்த்தே தாய்மாரின் நிலையை மதிப்பிட்டார்கள். அதிலும் ஓட்டை உண்டு. ஊரடங்கிலும் எறிகணையிலும் ஆஸ்பத்திரிக்கு வரமுடியாமற் போனவள்தான் ஆக மெலிந்தவளாக இருந்திருக்கக் கூடும், அவள் பிள்ளையின் நிறையோ எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஆகவே போர்க்கால எண்களை உண்மையின் கீழ்வரம்பாகக் கொள்வதே நியாயம். இன்னொரு சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2006 இல் புதிய வளர்ச்சி நியமங்களை வெளியிட்டது. பழைய அமெரிக்க நியமத்தால் கணித்த சதவீதங்களைப் புதியவற்றோடு நேராக ஒப்பிட முடியாது, எனினும் ஒப்பிடும் அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை.

உணவை விட்டுத் தண்ணீருக்கு வந்தால், குடாநாட்டுக்கே உரிய ஓர் ஆய்வுக் கிளை தெரியும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத இந்தச் சுண்ணக்கல் நிலத்தில் குடிக்கவும் தோட்டத்துக்கும் கிணறுதான் கதி. உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதை 1980களிலிருந்தே நீர் ஆய்வுகள் காட்டிவந்தன. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவின் இரத்தம் ஒட்சிசன் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைத்துவிடும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அதனால் இங்கே பால்மாப் போத்தல் மற்ற ஊர்களைவிட ஆபத்தானது. தாய்ப்பால் மாற்றுணவு விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டக்கோவையை இலங்கை 1983 இலேயே ஏற்றது. 2016 அளவீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுள் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். இந்தப் பழக்கம் யாழ்ப்பாணத்துச் சிசுவைக் கிணற்றிலிருந்தும் காத்தது.

பனையின் ஒடியல் மாவும் ஆய்வுக்கு வந்தது. எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 1970களில் நச்சுத்தன்மை பற்றிய ஐயத்தைக் கிளப்பின. கூழ் காய்ச்சிக் குடித்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நன்றாக அவிக்கும்போது நச்சு குறைகிறது எனப் பின்னர் வந்த வேலைகள் காட்டியதால், சிரித்தவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு.

2016 அளவீடு நாடு முழுவதற்கும் தந்த எண்கள் இவை: ஐந்து வயதுக்குட்பட்டோரில் 17 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர், 15 சதவீதம் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர், நிறைகுறைந்த பிறப்பு ஏறத்தாழ 16 சதவீதம். அதற்கு முந்திய ஆண்டில் கர்ப்பிணிக்கு மாதம் 2,000 ரூபாவாகப் பத்து மாதங்களுக்கு 20,000 ரூபா பெறுமதியான போசாக்குக் கொடுப்பனவை அரசு அறிவித்திருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் திரிபோஷா தட்டுப்பட்டது. சோளத்தில் அஃப்லாரொக்சின் நச்சு என்ற சர்ச்சை எழுந்து, பிள்ளைகளுக்கான மா கிளினிக்குகளுக்கு வராமல் நின்றது. குடும்ப சுகாதாரப் பணியகம் ஆண்டுதோறும் போசாக்கு மாதத்தில் திரட்டும் நிறைக் கணக்கில், நாடளாவிய நிறைக்குறைவு 2022 இல் 15.3 சதவீதமாக இருந்து 2023 இல் 17.1 ஆனது. இந்தக் கணக்கு மாதிரி அளவீடு அன்று. ஒவ்வொரு மிட்வைஃபும் தன் பிரிவிலுள்ள பிள்ளைகளைத் தராசில் வைத்து எழுதியதன் கூட்டுத்தொகை.