மூளை முடக்குவாதமும் நரம்பியல் பன்மையும்

மூளை முடக்குவாதம் என்பது கருவிலோ பிறப்பின்போதோ குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலோ வளரும் மூளைக்கு நேரும் பாதிப்பால், உடலசைவும் உடல் தோரணையும் வாழ்நாள் முழுதும் வேறுபட்டிருக்கும் குறைபாடு. மூளையில் நேர்ந்த பாதிப்பு நாளடைவில் பெருகுவதில்லை. ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா உள்ளவர்கள் ஏற்றுக்கொண்ட 'நியூரோடைவர்ஜென்ட்' என்னும் அடையாளம், அதாவது பெரும்பான்மையினரிடமிருந்து மாறுபட்டு இயங்கும் மூளையுடையவர் என்பது, மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் உரியதா என்ற கேள்வி இன்று எழுந்துள்ளது. உரியது என்பதே சான்றுகளுக்கு இசைந்த முடிவு.

இக்குறைபாட்டை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் லண்டன் எலும்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். வளைபாதத்துடன் வாழ்ந்து, 1836இல் ஜெர்மனியில் தசைநாண் அறுவையால் குணமடைந்தவர் அவர். 1861இல் லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தில் படித்த கட்டுரையில் கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் நேரும் மூச்சுத்திணறல் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டினார். நெடுங்காலம் இது 'லிட்டில் நோய்' என்றே அறியப்பட்டது. 1889இல் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் இதைப் பற்றித் தனிநூல் எழுதினார். வியன்னாவில் அப்போது குழந்தைகள் நரம்பியலில் ஈடுபட்டிருந்த சிக்மண்ட் பிராய்டு, 1897இல் வெளியிட்ட பெருநூலில் லிட்டிலின் முடிவை ஐயுற்றார். இக்குழந்தைகள் பலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் வலிப்பும் பார்வைக் கோளாறும் சேர்ந்தே இருப்பதைக் கண்ட அவர், கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம், பிரசவச் சிக்கல் அதன் விளைவாகவும் இருக்கலாம் என்றார். மருத்துவ உலகம் இதைப் பொருட்படுத்தவில்லை. 1986இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் கரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பெர்க் இருவரும் பல்லாயிரம் பிறப்புகளின் தரவுகளைக் கொண்டு, பிரசவகால மூச்சுத்திணறல் சிறு பங்கையே விளக்குகிறது என்று காட்டிய பிறகுதான் பிராய்டின் கூற்றுக்கு உரிய மதிப்புக் கிட்டியது.

இந்த வரலாறு இன்றைய விவாதத்துக்கு நேரடியாகப் பயன்படுகிறது. ஆட்டிசம் இயற்கையான வேறுபாடு, மூளை முடக்குவாதமோ காயம், ஆகவே இரண்டும் ஓரினமல்ல என்பது முதன்மையான மறுப்பு. ஆனால் இப்பிரிவினை காரணங்களை ஆராயும்போது நிற்பதில்லை. மூளை முடக்குவாதம் உள்ளோரில் ஒரு பகுதியினருக்கு மரபணு மாற்றங்களே காரணமெனக் கண்டறியப்பட்டுள்ளது. மிகக் குறைமாதப் பிறப்போ ஆட்டிச வாய்ப்பையும் கூட்டுகிறது. இது தசையைச் சார்ந்தது, மனத்தைச் சார்ந்ததல்ல என்பது இரண்டாம் மறுப்பு. 2007இல் வெளியான பன்னாட்டு வரையறை புலனுணர்வு, அறிதல், தொடர்பாடல், நடத்தை ஆகியவற்றின் சிக்கல்களும் வலிப்பும் அடிக்கடி உடன்வருவதைக் குறிப்பிடுகிறது. இவை இல்லாதவரிடத்தும் அசைவைத் திட்டமிட்டு நடத்துவது மூளைதான். அசைவு ஒருங்கிணைப்பில் தடுமாறும் டிஸ்பிராக்சியாவைத் தயக்கமின்றிச் சேர்த்துக்கொள்வோர் இதை மட்டும் விலக்குவதற்கு நியாயமில்லை.

மூளைகள் பலவிதமாக இயங்குவது மனித இயல்பின் வேறுபாடே என்னும் நரம்பியல் பன்மைக் கருத்து 1990களில் ஆட்டிசம் உள்ளவர்களிடையே கூட்டாக உருவானது. 1998இல் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் ஆய்வேட்டிலும் இதழாளர் ஹார்வி புளூமின் கட்டுரையிலும் எழுத்தில் பதிந்தது. 'நியூரோடைவர்ஜென்ட்' என்பதை 2000ஆம் ஆண்டளவில் உருவாக்கிய செயற்பாட்டாளர் கசியானே அசசுமாசு, வலிப்பு, பார்க்கின்சன் நோய், மூளை முடக்குவாதம் அனைத்தையும் அதில் வெளிப்படையாகவே அடக்கினார். இப்படி விரித்தால் தசை விறைப்பின் வலியையும் பெருமையாகக் கொள்ள நேரும், சிகிச்சை தடைப்படும் என்ற அச்சம் புறந்தள்ளத்தக்கதல்ல. ஆனால் நரம்பியல் பன்மை அறிஞர் நிக் வாக்கர் 2014இல் எழுதிய விளக்கம், பிறவியில் அமைந்த வேறுபாட்டையும் பின்னர் வந்ததையும் ஏற்பதோடு, வலிப்பு போன்றவற்றுக்கு மருத்துவம் நாடுவது இக்கருத்துக்கு முரணாகாது எனவும் தெளிவாக்குகிறது. தசைத் தளர்த்தி ஊசியும் இயன்முறை மருத்துவமும் பெறுபவர் பேச்சு மெதுவாக வருவதால் அறிவற்றவராக மதிக்கப்படுவதை எதிர்ப்பதில் என்ன முரண்? அடையாளத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. தகுதியில்லை என்று வெளியாரே கதவடைப்பதுதான் தவறு.

இரண்டையும் சேர்ப்பதா பிரிப்பதா என்பதில் சட்டமும் ஒரே நிலையில் இல்லை. இந்தியாவில் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தையும் மூளை முடக்குவாதத்தையும் ஒருசேர எடுத்துக்கொண்டது. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் முன்னது அறிவுசார் குறைபாடாகவும் பின்னது உடலியக்கக் குறைபாடாகவும் உள்ளன.