ஓட்டுபவரும் விசாரிப்பவரும்: இந்திய ரயில்வேயில் பாதுகாப்பு ஆய்வின் வரலாறு

தனியார் ஆலையில் விபத்து நேர்ந்தால் அதை விசாரிக்க அரசு வரும். ஆனால் அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் விபத்து நேர்ந்தால் யார் வருவது என்ற கேள்விக்கு இந்தியாவில் மிக நீண்ட காலம் விடை தேடிய துறை ரயில்வே. பணியிட ஆபத்துகளை முன்கூட்டியே கணித்து, அவற்றைக் குறைக்கும் வழிகளை வகுத்து, அவ்வழிகளில் ஊழியர்களைப் பழக்குவதை இன்று இடர் மேலாண்மை என்கிறோம். அந்தப் பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வேலை தண்டவாளங்களில் நடந்துகொண்டிருந்தது என்றாலும், அது யாருடைய உயிரை முன்னிறுத்தி நடந்தது என்பதில்தான் இவ்வரலாற்றின் சிக்கல் அடங்கியிருக்கிறது.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது, பாதை அரசுக்குச் சொந்தமானதல்ல. லண்டனில் பதிவான தனியார் நிறுவனங்களே ரயில் பாதைகளை அமைத்து நடத்தின, அவை போட்ட மூலதனத்துக்கு ஐந்து விழுக்காடு வட்டியை அரசு உறுதியளித்தது. நட்டம் வந்தாலும் வட்டி வந்துவிடும் என்ற நிலையில் நிறுவனங்கள் மனம்போனபடி செலவிடாமலும், தரமற்ற பாதையை அவசரமாகத் திறந்துவிடாமலும் கண்காணிக்க அரசு தன் சார்பில் ஆலோசகப் பொறியாளர்களை நியமித்தது. ஆகவே இந்திய ரயில்வேயின் முதல் பாதுகாப்பு அதிகாரி பாதிக் கணக்காளராகவும் இருந்தார். அரசு தானே பாதைகளை அமைக்கத் தொடங்கியதும் இவர்கள் அரசு ஆய்வாளர்கள் எனப் பெயர் மாறினர். 1883-இல் அவர்களுடைய பதவிக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது.

சிக்கல் 1905-இல் பிறந்தது. அவ்வாண்டு உருவான ரயில்வே வாரியத்தின் கீழேயே ஆய்வாளர்களும் வைக்கப்பட்டனர். நிறுவனங்களின் பாதைகள் ஒவ்வொன்றாக அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வரவர, ரயிலை ஓட்டுபவரும் அதன் குறையை விசாரிப்பவரும் ஒரே மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆயினர். 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இந்த முரணை உணர்ந்து, பாதுகாப்பு ஆய்வு தனி அமைப்பிடம் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. எழுதியது ஏட்டோடு நின்றது.

ஏட்டைப் புரட்ட வைத்தது பீகார் விபத்து. 1937 ஜூலை 17 அன்று பாட்னாவுக்கு அருகே பிஹ்தாவில், அரசு நிர்வாகத்தில் இருந்த கிழக்கிந்திய ரயில்வேயின் விரைவு வண்டி தடம்புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வண்டியை இழுத்தது ‘எக்ஸ்பி’ வகை இன்ஜின். சக்கரங்களின் அமைப்பை வைத்துப் ‘பசிபிக்’ என அழைக்கப்படும் இனத்தைச் சேர்ந்த இவ்வகை இன்ஜின்கள் வேகம் கூடும்போது பக்கவாட்டில் ஆடி, வலுக்குறைந்த பாதையை நெளித்துவிடும் தன்மை உடையவை. அவற்றைப் பெரும் எண்ணிக்கையில் வாங்கியது அரசுத் தரப்பே என்பதால், இங்கு விசாரிக்கப்பட வேண்டியது ஓட்டுநரின் கவனக்குறைவு மட்டுமன்று, கொள்முதல் முடிவும்தான். பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைமை ஆய்வு அதிகாரியான மவுண்ட் தலைமையில் வந்த பசிபிக் இன்ஜின் குழு, ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று 1939-இல் வலியுறுத்தியதற்கு இதைவிடப் பொருத்தமான சூழல் அமைந்திருக்க முடியாது. 1941 மே மாதம் ஆய்வுப் பிரிவு அஞ்சல், வான்வழித் துறைக்கு மாற்றப்பட்டது. 1961-இல் அது ரயில் பாதுகாப்பு ஆணையம் எனப் பெயர் பெற்றது. ரயில் விபத்தை விசாரிக்கும் அதிகாரி இன்றளவும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தவராக இருப்பதன் காரணம், கேட்பவர்க்கு விந்தையாகத் தோன்றினாலும், இதுவே.

மேலே நிர்வாகம் இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, கீழே பாதுகாப்பு என்பது விதிநூலையும் சில எளிய கருவிகளையும் சார்ந்திருந்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் நுழையாதிருக்க டோக்கன் முறை கைக்கொள்ளப்பட்டது. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் பிணைக்கப்பட்ட பெட்டிகளிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஓர் இரும்புக் குண்டுதான் வெளியே வரும், அதைப் பிரம்பு வளையத்தில் கோத்த பையில் வாங்காமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கக் கூடாது. பாதையில் உடைப்பைக் கண்ட கீமேன், அதாவது நாள்தோறும் தன் பகுதி முழுவதும் நடந்து தண்டவாளத்தின் பிடிப்புகளைச் சரிபார்க்கும் ஊழியர், டெட்டனேட்டர் எனப்படும் வெடிவில்லைகளைத் தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும். சக்கரம் ஏறும்போது அவை வெடிக்கும் ஓசையே ஓட்டுநருக்கு எச்சரிக்கை. அகலப் பாதையில் இடையூற்றிலிருந்து 600 மீட்டரில் ஒன்றும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் வைக்க வேண்டும் என்பது விதி. மீட்டர் பாதைக்கு இத்தொலைவுகள் 400, 800 எனக் குறையும். ஓடும் வண்டி பிரேக் போட்ட பின் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தைக் கணித்து வகுத்த இந்த விதியில், இன்றைய பயிற்சி வகுப்புகள் பலகையில் எழுதிக் காட்டும் இடர்க் கணிப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது.

நிலைய அலுவலர்களும் வண்டி ஓட்டுவோரும் திருச்சி போன்ற இடங்களில் உள்ள மண்டலப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்க்கைப் பயிற்சியும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சியும் பெற்றனர். அதிகாரிகளுக்கான ரயில்வே பணியாளர் கல்லூரி 1930-இல் டேராடூனில் தொடங்கி, 1952 முதல் பரோடாவின் பிரதாப் விலாஸ் அரண்மனையில் நடைபெற்றது. சம்மட்டியும் கடப்பாரையும் ஏந்திய கேங்மேன்களுக்கு வாய்த்த பள்ளிக்கூடம் பெரும்பாலும் அவர்களுடைய மேட், அதாவது கூட்டத் தலைவர், ஒருவரே. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விதி, வாய்மொழியாகத் தமிழாகி, பெருவிரல் ரேகையாகவோ கையெழுத்தாகவோ பதிவேட்டுக்குத் திரும்பியது. விதி தமக்கு விளங்கியது என்று ஊழியர் ஒப்பமிடும் உறுதிமொழிப் பதிவேடு கற்பித்தலுக்குச் சான்றா, பழியை இடம் மாற்றும் கருவியா என்பது எளிதில் தீர்ப்பளிக்க முடியாத வழக்கு.

களைப்பும் ஓர் ஆபத்து என்பதை ஏற்க முதலாளியான அரசு இன்னும் அதிகத் தயக்கம் காட்டியது. 1919-இன் வாஷிங்டன் தொழிலாளர் உடன்படிக்கைக்குப் பின், 1930-இன் சட்டத் திருத்தமே ரயில்வே ஊழியரின் வேலை நேரத்துக்கு முதன்முதலாக வரம்பு கட்டியது. அதிலும் ‘இடைவிட்ட பணி’ என வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு வரம்பு தளர்வாகவே இருந்தது. இன்ஜின் ஓட்டுநர்களின் தொடர்பணி பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்ற ஒப்புதல் 1973-இல் அவர்களுடைய வேலைநிறுத்தத்துக்குப் பின்னரே கிடைத்தது.

தமிழகத்தில் இவ்வரலாறு நினைக்கப்படுவது அரியலூரால்தான். 1956 நவம்பர் 23 அதிகாலையில், சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவு வண்டி, பெருமழையில் நிலைகுலைந்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் மகபூப்நகர் பால விபத்தின்போதே பதவி விலக முன்வந்து தடுக்கப்பட்டிருந்த அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி இம்முறை விலகினார். அவரது விலகல் பாடநூல்களில் இடம்பெற்றுத் தலைமுறைகளுக்கு அறநெறிக் கதையாயிற்று. மூன்று மாத இடைவெளியில் இரு பாலங்களை வெள்ளம் கொண்டுபோனது எப்படி என்ற பொறியியல் கேள்வி அந்த அளவுக்கு மக்கள் நினைவில் தங்கவில்லை. உண்மையில் பாலங்களைக் காத்து வந்தவை மழைக்கால இரவுகளில் கைவிளக்குடன் தண்டவாளத்தை நடந்து பார்க்கும் ரோந்து ஊழியரும், பாலத் தூணில் தீட்டப்பட்ட அபாய மட்டக் கோடும்தான். கொட்டும் மழையில் கைவிளக்கு வெளிச்சம் எட்டும் தூரமே அந்தப் பாதுகாப்பின் எல்லை. 1962-இல் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த ரயில் விபத்துக் குழு, மனிதத் தவறைத் தனித்து ஆராய்ந்து ஊழியர் தேர்விலும் பயிற்சியிலும் கருத்தைச் செலுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1964-இல் ரயில்வே வாரியத்தில் உளவியல் தேர்வுக்கான பிரிவு தொடங்கப்பட்டது.

அதே 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயல் ஒரு பயணிகள் வண்டியையே கடலுக்குள் இழுத்துச் சென்றது. பழைய பாம்பன் பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் காற்றுமானி தானாகவே சிக்னலைச் சிவப்பாக்கிவிடும் ஏற்பாடு இருந்தது. ஆபத்தை மதிப்பிடும் பொறுப்பை அயர்ந்த மனிதனிடமிருந்து எடுத்து இயந்திரத்திடம் கொடுக்கும் இவ்வழி, எத்தனை புத்தாக்க வகுப்புகளையும்விடப் பயன் மிக்கது.

ஆயினும் இவை யாவும் பயணியை மையமாகக் கொண்டவை. ரயில் பாதுகாப்பு ஆணையரின் கட்டாய விசாரணை பயணிகள் வண்டிக்கு நேரும் கடும் விபத்துகளை ஒட்டியே வகுக்கப்பட்டது. ஒரு வண்டிக்கு விலகி அடுத்த பாதையில் நின்று எதிர்வண்டியில் அடிபடும் கேங்மேனின் சாவு, பெரும்பாலும் துறைக்குள்ளேயே கோப்பாகி முடிந்தது. தொழிற்சாலை ஆய்வாளரும் அவருக்குத் துணையாக வரவில்லை. பெரம்பூர், பொன்மலை பணிமனைகள் தொழிற்சாலைச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தன. ஆனால் 1948-இன் அச்சட்டம், ஓடும் இன்ஜின்களைப் பழுதுபார்த்து அனுப்பும் லோகோ ஷெட்டைத் ‘தொழிற்சாலை’ என்ற சொல்லின் வரையறையிலிருந்தே விலக்கியது. அணு அறிவியலாளர் அனில் காகோட்கர் தலைமையிலான உயர்மட்டக் குழு 2012-இல் அளித்த அறிக்கை, 2007 முதல் 2011 வரையிலான காலத்தில் பணியில் இறந்த ரயில்வே ஊழியர் ஏறத்தாழ 1,600 பேர் என்றது. இதே காலத்தில் ரயில் விபத்துகளில் இறந்த பயணிகளின் தொகையைவிட இது அதிகம். ரயில்வே வாரியத்துக்குக் கட்டுப்படாத, சட்ட அதிகாரம் பெற்ற பாதுகாப்பு ஆணையம் ஒன்றை அமைக்கவும் அக்குழு பரிந்துரைத்தது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது; தொழிற்சாலை எது என்று சொல்லும் அதன் வரையறையிலும் லோகோ ஷெட் விலக்காகவே நீடிக்கிறது.