வகுப்பறைக்கு வந்த விஞ்ஞானம்

ஆராய்ச்சிக்கூடத்தின் வித்தையைச் சிறுவர் முன் எடுத்துரைக்கும் வழக்கம், 1825இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளால் உலகப் பிரசித்தி பெற்றது. அங்கே மைக்கேல் பாரடே, எரியும் மெழுகுவர்த்தி ஒன்றையே ஆதாரமாக்கி, ரசாயன சாஸ்திரம் முழுவதற்கும் வாயில் திறந்து காட்டினார்.

அங்கே சிறுவர் விஞ்ஞானியை நாடிச் சென்றனர். நம் நாட்டிலோ விஞ்ஞானி சிறுவரை நாடி வரும் முறை மெல்ல மெல்லவே வேரூன்றிற்று. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ பத்திரிகையாலும், 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு உள்ளூர்ப் பிரச்சினைகளை மாணவரே ஆராயச் செய்ததாலும், அப்பாதையைச் செப்பனிட்டன. 2017இல் மத்திய அரசின் ‘ஜிக்யாசா’ திட்டம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் போன்றவற்றைப் பள்ளிகளோடு பிணைத்தது.

வள்ளலார் 1867இல் தருமச்சாலை கண்ட வடலூருக்கு இவ்விஷயத்தில் தனிப் பாக்கியம் உண்டு. 1929இல் எழுந்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், பேராசிரியர் சேஷய்யா வளர்த்த பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் நிலையமும், 1956இல் பிறந்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனமும் அருகிலேயே உள்ளன. மர ரேகை இன்னும் மறையாத பழுப்பு நிலக்கரித் துண்டொன்றை மாணவன் கையில் கொடுத்து, ஆதி வனத்தின் சரித்திரத்தைப் பூகர்ப்ப சாஸ்திரி ஒருவர் விளக்குவாராயின், பாடப்புத்தகத்தின் பல பக்கங்கள் உயிர்பெற்றுவிடும். அத்தகையோரை வகுப்பறைக்கு அழைக்க வேண்டிய கடமை பள்ளிகளுடையதே.