கிரேடு குறைஞ்சிடுச்சா? 'எஸ்/யூ' போடுமுன் யோசிங்க!

முதல் பருவ முடிவு வந்துவிட்டது. ஒரு பாடத்தில் மட்டும் 'சி பிளஸ்'. மனசு உடைஞ்சிடுச்சா? கொஞ்சம் பொறுங்க.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'எஸ்/யூ' என்றொரு வழி இருக்கிறது. முதலாண்டில் 32 யூனிட் வரை, அதாவது ஏறக்குறைய 8 பாடங்களுக்கு, கிரேடு சராசரியில் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் கிரேடு என்ன என்று தெரிந்த பிறகு!

'சி' அல்லது அதற்கு மேல் என்றால் 'எஸ்': யூனிட் கிடைக்கும். அதற்குக் கீழ் 'யூ': சராசரி தப்பிக்கும், யூனிட் கிடைக்காது. கட்டாயப் பாடமா? மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

எல்லாப் பாடங்களுக்கும் இது கிடையாது. போட்டால் போட்டதுதான், மாற்ற முடியாது. 'பி' வந்ததற்கெல்லாம் அவசரப்பட்டுச் செலவழிக்காதீங்க. முதலாண்டில் மிச்சம் வைத்தால், 12 யூனிட் வரை அடுத்த ஆண்டுகளுக்குக் கைகொடுக்கும்.