விலையில்லா மடிக்கணினித் திட்டம்

தமிழ்நாட்டில் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கிய திட்டம். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். கொள்முதலைத் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் கவனித்தது.

தொடக்கத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோசுடன், இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. இயக்கும்போதே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோசுக்கு உரிமம் வேண்டும். கட்டற்ற மென்பொருளான பாஸைப் படியெடுத்துப் பகிரலாம்.

மடிக்கணினி தருவதோடு மாணவரின் தரவைக் காப்பதும் முக்கியம். பள்ளி மாணவர் விவரங்கள் ‘எமிஸ்’ என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பில், ஒவ்வொருவருக்கும் உரிய தனி எண்ணுடன் பதிவாகின்றன. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் தேவை. கருவியோடு கடவுச்சொல் காக்கும் பழக்கத்தையும் மாணவருக்குத் தருவது பள்ளியின் கடமை.