குடிநீர்க் குழாய்களில் உயிர்ப்படலம்

குடிநீர்க் குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பிசுபிசுப்பான பொருளுக்குள் வாழும் நுண்ணுயிர்களின் தொகுதி உயிர்ப்படலம் எனப்படும். இப்பொருள் பெரும்பாலும் பல்சர்க்கரைடு, புரதம், டி.என்.ஏ ஆகியவற்றால் ஆனது. வழங்கல் குழாய்களில் உள்ள நுண்ணுயிர்த் திரளில் சுமார் 95 விழுக்காடு சுவரிலேயே இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. எனவே குழாயடியில் பிடித்த நீரைச் சோதிப்பது மிதந்து வந்த சிறு பகுதியை மட்டுமே காட்டும்.

உருவாக்கம்

புதிய குழாயில் நீர் பாயத் தொடங்கியதும் அதன் சுவரில் கரிமப் பொருட்கள் படிகின்றன. பின்னர் நீரிலுள்ள பாக்டீரியாக்கள் அங்கு ஒட்டிப் பெருகுகின்றன. சில பகுதிகள் அவ்வப்போது பிய்ந்து நீரோடு சென்று வேறிடங்களில் குடியேறும். இவற்றை மேயும் அமீபா போன்ற ஒருசெல் உயிரிகளும் படலத்தில் வாழ்கின்றன. துருப்பிடித்த வார்ப்பிரும்புக் குழாய்களின் சொரசொரப்பான உட்பரப்பு படலத்திற்கு மிக வசதியானது. நெகிழிக் குழாய்களிலும் படலம் உருவாகும்.

குளோரினும் படலமும்

கிருமிகளைக் கொல்லவும் பயணத்தின்போது மீண்டும் பெருகாமல் தடுக்கவும் குளோரின் சேர்க்கப்படுகிறது. வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. மிதக்கும் பாக்டீரியாக்களுக்கு இவ்வளவு போதும், படலத்திற்குப் போதாது. குளோரின் உள்ளே ஊடுருவும் முன்பே பிசுபிசுப்பான பொருளுடன் வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. 1994இல் டிர்க் டி பியர் குழுவினர் நுண்மின்முனைகளைக் கொண்டு இதை நேரடியாக அளந்து காட்டினர். மோனோகுளோரமீன் மெதுவாகவே வினைபுரிவதால் ஆழமாகச் செல்லும். ஆனால் கொல்லும் வேகம் குறைவு.

இரும்புக் குழாயில் துருவும் குளோரினைத் தின்றுவிடும். இதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட் நகரம் எடுத்துக்காட்டாகும். 2014 ஏப்ரலில் இந்நகரம் டெட்ராயிட்டின் நீருக்குப் பதிலாகப் பிளின்ட் ஆற்று நீரைப் பயன்படுத்தத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்கும் பாசுபேட்டு சேர்க்கப்படவில்லை. ஈயம் நீரில் கலந்தது பெரிதும் பேசப்பட்டது. ஆனால் இரும்பும் அரிக்கப்பட்டு, பல இடங்களில் எஞ்சிய குளோரின் குறைந்தது. 2014, 2015 ஆண்டுகளில் அப்பகுதியில் சுமார் 90 பேருக்கு லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் கடும் நிமோனியா ஏற்பட்டது. 12 பேர் இறந்தனர். இப்பாக்டீரியா படலத்திலுள்ள அமீபாக்களுக்குள் பெருகக்கூடியது. அந்நீரைக் குடிப்பதைவிட அதன் நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதாலேயே பெரும்பாலும் நோய் பரவுகிறது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் மருத்துவமனை ஒன்றில் தங்கியிருந்தவர்கள் என்பதால், நகரக் குழாய்நீரின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2015 அக்டோபரில் நகரம் பழைய நீருக்கே திரும்பியது.

விட்டுவிட்டு வழங்கப்படும் நீர்

இந்திய நகரங்கள் பலவற்றில் நீர் தொடர்ச்சியாக வருவதில்லை. இடைவேளையில் குழாயின் அழுத்தம் குறைந்து, கசிவுகள் வழியாக வெளியிலுள்ள மாசு உள்ளே வரக்கூடும். மீண்டும் நீர் பாயும்போது படலமும் வண்டலும் பெயர்கின்றன. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் எமிலி கும்பெல், காரா நெல்சன் ஆகியோர் ஆய்வு செய்து, விட்டுவிட்டு வரும் நீரில் மாசு கூடுதலாக இருப்பதைக் கண்டனர். முதலில் வரும் நீரைப் பிடிக்காமல் விடும் வழக்கம் நியாயமானதே.

கட்டுப்பாடு

குளோரினை அதிகரிப்பதைவிட உணவைக் குறைப்பது நீடித்த பயன் தரும். நெதர்லாந்தில் இதுவே வழி: அங்கு எஞ்சிய குளோரின் இன்றியே குடிநீர் வழங்கப்படுகிறது. நுண்ணுயிர்கள் எளிதில் உட்கொள்ளும் கரிமம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் மறுவளர்ச்சி குறைவாக இருக்கும் என்று அந்நாட்டின் டிக் வான் டெர் கூய் காட்டினார். ஆயினும் கசிவற்ற குழாய்களும் இடைவிடாத அழுத்தமும் இல்லாத இடத்தில் குளோரினைக் கைவிட இயலாது.