போல்ஷெவிக்

ரஷ்ய மொழியில் 'போல்ஷே' என்றால் 'அதிகம்'. போல்ஷெவிக் என்றால் பெரும்பான்மையர். 1903-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கி லண்டனில் முடிந்த ரஷ்ய மார்க்சியக் கட்சி மாநாட்டில் பிறந்த பெயர். வேடிக்கை என்னவென்றால், யார் கட்சி உறுப்பினர் என்ற விதிமீதான வாக்கெடுப்பில் லெனின் தரப்பு தோற்றது. பிறகு எதிர்த்தரப்புத் தலைவர் மார்த்தவுக்கு வாக்களித்த சிலர் வெளிநடப்புச் செய்ய, கட்சிப் பத்திரிகையின் ஆசிரியர் குழுத் தேர்தலில் லெனின் தரப்பு வென்றது. அந்தப் பெரும்பான்மையையே பெயராகச் சூட்டிக்கொண்டார்கள்; கெட்டிக்காரர்கள்! எதிர்த்தரப்பு 'மென்ஷெவிக்', அதாவது சிறுபான்மையர் ஆனது.

இந்தியாவில் ஆங்கில அரசுக்கு இச்சொல் குற்றப்பெயராக இருந்தது. 1924 கான்பூர் போல்ஷெவிக் சதி வழக்கில் சென்னைப் பொதுவுடைமையாளர் சிங்காரவேலரையும் சேர்த்தார்கள். ரஷ்யக் கட்சியே 1952-இல் இப்பெயரைக் கைவிட்டது. சிவகிரிப் பக்கமோ செங்கொடிக்காரரை விளிப்பது இப்பெயரால் அல்ல, 'தோழர்' என்றுதான்.